கீமோவுக்கும் கீமோவுக்கும் நடுவுல என்ன நடக்குது? புற்றுநோய் சிகிச்சையை மாற்றிய நர்ஸ்களின் ஆய்வுகள்

டே கேர் வார்டில் கீமோ ட்ரிப் ஏறுவது சில மணி நேரம்தான். முடிந்ததும் நோயாளி ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார். அடுத்த சுற்று பல சிகிச்சைகளில் இரண்டு அல்லது மூன்று வாரம் கழித்துதான்.

அந்த இடைப்பட்ட நாட்களில்தான் எல்லாம் நடக்கிறது. வாய் முழுக்கப் புண். ரசம் சாதம்கூட எரிகிறது. பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்குகிறது. நடுராத்திரி காய்ச்சல் அடிக்கிறது. "இதுக்கெல்லாம் போய் டாக்டரைத் தொந்தரவு பண்ணலாமா? அடுத்த தடவை போறப்ப சொல்லிக்கலாம்" என்று வீட்டில் முடிவாகிறது.

அடுத்த தடவை போகும்போது எடை குறைந்திருக்கிறது, ரத்த அணுக்கள் குறைந்திருக்கின்றன. டோஸைக் குறைக்கிறார்கள், அல்லது தேதியைத் தள்ளிப்போடுகிறார்கள். சிலர் "எனக்கு இந்த வைத்தியமே வேணாம்" என்று பாதியில் நின்றுவிடுகிறார்கள்.

எந்த மருந்து, எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்கிறார். ஆனால் அந்த மருந்தைத் தாங்கிக்கொண்டு கடைசி சுற்று வரை போய்ச் சேர முடியுமா என்பது பெரும்பாலும் இந்த இடைப்பட்ட நாட்களின் கையில்தான் இருக்கிறது. இந்த நாட்களைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டு, சோதித்துப் பார்த்து, விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் நர்ஸ்கள். 'நர்ஸிங் ரிசர்ச்' என்ற துறை செய்திருக்கும் வேலை அதுதான்.

நர்ஸ்களுக்கு எதுக்கு ஆராய்ச்சி?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. ஊசி போடுவது, ட்ரிப் மாற்றுவது, சார்ட் எழுதுவது என்றுதானே நர்ஸ் வேலையை நாம் பார்த்திருக்கிறோம்?

ஆனால் நவீன நர்ஸிங் தொடங்கியதே கணக்கில்தான். 1850-களில் நடந்த கிரிமியப் போரில் வீரர்கள் குண்டடியால் இறந்ததைவிட ஆஸ்பத்திரியில் பரவிய நோய்களால் இறந்ததே அதிகம். இதை எண்ணிக்கையோடு, வண்ண வரைபடம் போட்டு அரசுக்குக் காட்டியவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். கையில் விளக்கோடு நிற்கும் அவருடைய படத்தைத்தான் நாம் பாடப்புத்தகத்தில் பார்த்தோம். அவர் புள்ளிவிவர நிபுணர் என்பது அந்தப் படத்தில் தெரியாது.

1952-ல் அமெரிக்காவில் நர்ஸிங் ஆய்வுகளுக்கென்றே தனி இதழ் வந்தது. 1975-ல் புற்றுநோய் நர்ஸ்களுக்கான சங்கம் உருவானது. 1978-ல் 'கேன்சர் நர்ஸிங்' என்ற இதழ் தொடங்கியது.

டாக்டர்களின் ஆய்வு பெரும்பாலும் கட்டியைப் பற்றியது: சுருங்கியதா, திரும்ப வந்ததா, எத்தனை மாதம் உயிர் நீடித்தது? நர்ஸ்களின் ஆய்வு அந்தக் கட்டியோடு வாழ்பவரைப் பற்றியது: சாப்பிட முடிகிறதா, தூக்கம் வருகிறதா, வலியை யாரிடமாவது சொன்னாரா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? படுக்கைக்குப் பக்கத்தில் 8 மணி நேரம் நிற்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்விகள் முதலில் தோன்றும்.

'எப்படி இருக்கீங்க?' என்பதற்கு ஒரு மார்க்

"எப்படி இருக்கீங்கம்மா?" என்று ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டால், நம்மூரில் வரும் பதில் "பரவாயில்லைங்க டாக்டர்." அவர் அடுத்த படுக்கைக்குப் போனதும், "சிஸ்டர், ராத்திரி முழுக்கத் தூங்கலை சிஸ்டர்" என்று நர்ஸிடம் சொல்வார்கள்.

இந்த இடைவெளியை அடைக்க வழி கண்டவர்களில் ஒருவர் அமெரிக்க நர்ஸ் ரூத் மெக்கார்க்கில். 1978-ல் கேத்தரின் யங் என்பவரோடு சேர்ந்து ஓர் அளவுகோலை வெளியிட்டார். குமட்டல், வலி, பசி, தூக்கம், களைப்பு என ஒவ்வொரு தொந்தரவுக்கும் நோயாளியே 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். அவ்வளவுதான் விஷயம்.

இதில் என்ன புதுமை என்று இன்று தோன்றலாம். அதற்கு முன் நோயாளியின் அவதியை வெளியில் இருந்து பார்ப்பவர்களே எழுதினார்கள். மதிப்பெண் வந்தபிறகு அது நோயாளியின் வாக்குமூலம் ஆனது. போன வாரம் 2, இந்த வாரம் 4 என்றால் ஏதோ மாறியிருக்கிறது என்று யாருக்கும் புரியும். இன்று மொபைல் ஆப் வழியாகக் கீமோ நோயாளிகளின் அறிகுறிகளைக் கண்காணிக்கும் முறைகள் அனைத்தும் இதே எண்ணத்தின் நீட்சிதான்.

வலி விஷயத்தில் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும்: சிசிலி சாண்டர்ஸ். பிரிட்டனைச் சேர்ந்த இவர் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். 1940-களின் இறுதியில் லண்டனில் ஒரு மருத்துவமனையில் தன்னார்வ நர்ஸாக இருந்தபோது ஒன்றைக் கவனித்தார். நோயாளி வலியில் துடித்த பிறகு மார்ஃபின் கொடுக்காமல், வலி திரும்ப வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்து முறையாகக் கொடுத்தால், அவர்கள் தெளிவாகவும் நிம்மதியாகவும் இருந்தார்கள். பிறகு மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். நூற்றுக்கணக்கான நோயாளிகளின் குறிப்புகளைத் தொகுத்து இதை நிறுவினார். 1967-ல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ்தான் இன்றைய வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கு முன்னோடி.

வாய்ப்புண்ணும் சோடா உப்பும்

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் அப்படிப்பட்டது. வாயின் உட்பக்கத் தோலும் அப்படிப்பட்டதுதான். அதனால்தான் மருந்து ஏறி சில நாட்களில் வாய் புண்ணாகிறது.

இதற்கு ஆளுக்கொரு மவுத்வாஷ் எழுதிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. மரத்துப்போக வைக்கும் மருந்து, அலர்ஜி மருந்து, அல்சர் மருந்து மூன்றையும் கலந்த ஒன்றுக்கு அமெரிக்காவில் 'மேஜிக் மவுத்வாஷ்' என்றே பெயர். இன்னொன்று பல் டாக்டர்கள் தரும் குளோர்ஹெக்ஸிடின்.

இவை உண்மையில் வேலை செய்கின்றனவா? சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் நர்ஸிங் பேராசிரியர் மேரிலின் டாட் இதை நேரடியாகவே சோதித்தார். 2000-ல் வெளியான அவரது ஆய்வில், வாய்ப்புண் வந்த 200 நோயாளிகள் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு குழுவுக்கு மேஜிக் மவுத்வாஷ், இன்னொன்றுக்கு குளோர்ஹெக்ஸிடின், மூன்றாவது குழுவுக்கு உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீர். எல்லோருக்குமே வாயை எப்படிச் சுத்தமாக வைத்துக்கொள்வது என்று நர்ஸ்கள் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

முடிவு? மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 200 பேரில் 142 பேருக்கு 12 நாட்களுக்குள் புண் ஆறியது. அப்படியென்றால் விலை குறைந்ததையே பயன்படுத்தலாமே என்பதுதான் ஆய்வு சொன்ன பாடம். நம்ம வீட்டில் ஆப்பத்துக்குப் போடும் அதே சோடா உப்பு.

பாட்டில் முக்கியமில்லை, தினமும் ஒழுங்காகக் கொப்பளிப்பதும் மென்மையான பிரஷ்ஷில் பல் தேய்ப்பதும்தான் முக்கியம் என்ற பார்வையும் இதிலிருந்து வலுப்பட்டது. ஒவ்வொரு ரூபாயும் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

'ரெஸ்ட் எடுங்க' என்பது தப்பான அட்வைஸா?

கேன்சர் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான். "ஒண்ணும் பண்ணாம படுத்திருங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க." ஒரு காலத்தில் மருத்துவமனைகளும் அதையே சொல்லின.

1980-களில் அமெரிக்காவின் ஒஹையோவில் மேரில் வின்னிங்ஹாம் என்ற நர்ஸ் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். கீமோ எடுக்கும் பெண்களை உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வைத்து, என்ன ஆகிறது என்று அளந்தார். உடல் தாங்கும் திறன் கூடியது, குமட்டல் குறைந்தது.

அடுத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் நர்ஸிங் ஆய்வாளர் விக்டோரியா மாக் இதை இன்னும் எளிமையாக்கினார். 1997-ல் வெளியான அவருடைய ஆய்வில், மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்துக்கொண்டிருந்த 46 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு பாதிப் பேர் அவரவர் வேகத்தில், வீட்டுப் பக்கத்திலேயே நடந்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. சிகிச்சை முடியும்போது, நடந்தவர்களுக்குக் களைப்பு குறைவு, பதற்றம் குறைவு, தூக்கப் பிரச்சினையும் குறைவு.

களைப்பாக இருப்பவரை நடக்கச் சொல்வது விசித்திரமாகத் தெரியலாம். ஆனால் படுத்தே இருந்தால் தசைகள் கரையும். தசை கரைந்தால் சின்ன வேலைக்கே மூச்சு வாங்கும். அதனால் இன்னும் படுக்கத் தோன்றும். இந்தச் சுழலைத்தான் மிதமான நடை உடைக்கிறது. 46 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். பின்னர் பல பெரிய ஆய்வுகள் இதை உறுதிசெய்தன. இன்று சர்வதேச சிகிச்சை வழிகாட்டுதல்களே புற்றுநோய்க் களைப்புக்கு உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கின்றன.

ஒரு போன் கால் என்ன செய்யும்?

மேலே சொன்ன ரூத் மெக்கார்க்கில் 2000-ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார். அதன் முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது.

புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 60 வயதைத் தாண்டிய 375 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. மறு பாதிக்கு, டிஸ்சார்ஜ் ஆனபின் 4 வாரங்களுக்கு மேற்படிப்பு படித்த நர்ஸ்களின் கவனிப்பு: 3 முறை வீட்டுக்கு வருவார்கள், 5 முறை போன் செய்வார்கள். காயத்தைப் பார்ப்பது, அறிகுறிகளைக் கேட்பது, குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பது, தேவைப்பட்டால் டாக்டரிடம் பேசுவது.

நோய் முற்றிய நிலையில் இருந்தவர்களில், நர்ஸ் கவனிப்பு கிடைத்த குழுவில் 67 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். கிடைக்காத குழுவில் 40 சதவீதம் பேர் மட்டுமே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஒரே ஓர் ஆய்வை வைத்து 'நர்ஸ் போன் செய்தால் ஆயுள் கூடும்' என்று சொல்லிவிடவும் முடியாது. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் சிக்கல்களை முதல் சில வாரங்களிலேயே பிடித்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு இது வலுவான சுட்டுதல்.

2009-ல் மேரி பாகிடஸ் என்ற நர்ஸ் தலைமையில் வந்த ஆய்வு இன்னொரு படி மேலே போனது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் வட்டாரம் கிராமங்கள் நிறைந்தது, மருத்துவமனை தூரம். அதனால் முற்றிய புற்றுநோய் இருந்த 322 பேரில் ஒரு பாதிக்கு நர்ஸ்கள் போனிலேயே ஆதரவு சிகிச்சை அளித்தார்கள். முதலில் வாரத்துக்கு ஒன்றாக 4 அமர்வுகள், பிறகு மாதம் ஒரு முறை. அவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. உடல் அறிகுறிகளின் தீவிரத்திலோ, ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களிலோ பெரிய மாற்றம் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

நம்ம திண்டுக்கல் சொன்ன பாடம்

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். நர்ஸ்களின் திறனை உலகத்துக்குக் காட்டிய மிகப் பெரிய ஆய்வுகளில் ஒன்று நடந்தது திண்டுக்கல் மாவட்டத்தில்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க மேலை நாடுகளில் 'பாப் ஸ்மியர்' சோதனை உண்டு. அதற்கு லேப் வேண்டும், நிபுணர்கள் வேண்டும். அவை இல்லாத ஊரில் என்ன செய்வது? வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த அளவில் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், சந்தேகத்துக்குரிய பகுதி வெள்ளையாகத் தெரியும். வி.ஐ.ஏ. என்று இதற்குப் பெயர்.

2000-ல் தொடங்கிய ஆய்வில் மாவட்டத்தின் 114 பகுதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டன. 57 பகுதிகளில், 30 முதல் 59 வயதுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இந்தப் பரிசோதனையைச் செய்தார்கள். மற்ற 57 பகுதிகளில் ஏற்கெனவே இருந்த வசதிகள் மட்டும். 31,343 பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். சந்தேகம் இருந்தவர்களுக்கு அடுத்தகட்ட சோதனையும், தேவைப்பட்டவர்களுக்கு உறையவைத்து அகற்றும் சிகிச்சையும் பல இடங்களில் அதே நாளில், நர்ஸ்களாலேயே செய்யப்பட்டன.

2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவது 25 சதவீதமும், அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையின் பலன் இது.

இந்த ஆய்வை வடிவமைத்தது டாக்டர்கள்தான். ஆனால் அது சோதித்த கேள்வி நர்ஸ்களைப் பற்றியது: சரியான பயிற்சி கொடுத்தால், டாக்டர் பக்கத்திலேயே இல்லாமல் நர்ஸ்கள் உயிர்களைக் காப்பாற்ற முடியுமா? முடியும் என்று 31 ஆயிரம் பெண்கள் வழியாகப் பதில் வந்தது.

அதன்பிறகு நாடு முழுக்க என்ன ஆனது? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு முறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 சதவீதம். முன்னணியில் இருந்த தமிழ்நாட்டிலேயே 9.8 சதவீதம்தான். இப்போது உலக சுகாதார நிறுவனம் இன்னும் துல்லியமான ஹெச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையைப் பரிந்துரைக்கிறது. எந்தச் சோதனையாக இருந்தாலும், ஊருக்குள் போய் பெண்களிடம் பேசி அழைத்துவர வேண்டியவர்கள் நர்ஸ்களும் சுகாதாரப் பணியாளர்களும்தான்.

ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி?

சோடா உப்பு, நடை, போன் கால் எல்லாமே எளிமையானவை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு விஷயம் தேவை: நர்ஸுக்கு நேரம்.

2002-ல் அமெரிக்க நர்ஸிங் ஆய்வாளர் லிண்டா ஐகென் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2.3 லட்சம் பேரின் தரவுகளை அலசினார். ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒருவர் கூடினாலும், 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாகத் தெரியவந்தது. இது புற்றுநோய்க்கு மட்டுமான ஆய்வு அல்ல. பின்னர் இதே மாநிலத் தரவுகளில் புற்றுநோய் அறுவை சிகிச்சை நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்த ஆய்வும், நர்ஸ்களின் பணிச்சூழல் நன்றாக இருந்த இடங்களில் மரணம் குறைவு என்றே காட்டியது.

இந்திய நர்ஸிங் கவுன்சிலின் விதிப்படி, பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் ஏதாவது ஒரு பெரிய ஆஸ்பத்திரி வார்டுக்குள் போய் வந்தவர்களுக்கு, நிஜம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

இங்கே ஆய்வு நடக்காமல் இல்லை. எம்.எஸ்சி. நர்ஸிங் படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்தாக வேண்டும். வாய்ப்புண், களைப்பு, வீட்டில் கவனிப்பவரின் மனச்சுமை என்று நல்ல தலைப்புகளை எடுக்கிறார்கள். ஆனால் பட்டம் வாங்கியதும் அந்த ஆய்வேடு பெரும்பாலும் கல்லூரி நூலக அலமாரிக்குப் போய்விடுகிறது. வேலைக்குச் சேர்ந்தபின் அதைத் தொடர நேரமும் இல்லை, நிதியும் இல்லை. வார்டு நடைமுறையை மாற்றும் அதிகாரமும் இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. கேரளத்தில் ஆதரவு சிகிச்சை நர்ஸ்கள் வீடு வீடாகப் போவது பல ஆண்டுகளாக நடக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் ஆதரவு சிகிச்சை நர்ஸ்களின் வீட்டு வருகை உண்டு. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு நர்ஸும் நோயாளியின் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், நம்மூர் நோயாளிகளுக்கு எது உதவுகிறது என்பதை நாமே கண்டுபிடிக்கலாம். உப்புத் தண்ணீர் பாடத்தை அமெரிக்காவில் இருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

வீட்டில் யாராவது கீமோ எடுக்கிறார்களா? இதைக் கவனிங்க

- காய்ச்சல்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அது அவசர நிலை. மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனையைத் தொடர்பு கொள்ளவும்.
- நோட்டு: வலி, குமட்டல், களைப்பு, தூக்கம், சாப்பாடு. தினமும் ஒவ்வொன்றுக்கும் நோயாளியையே மார்க் போடச் சொல்லுங்கள். அடுத்த விசிட்டில் 'பரவாயில்லை' என்பதற்குப் பதில் நோட்டைக் காட்டுங்கள்.
- வாய்: மென்மையான பிரஷ், அடிக்கடி கொப்பளிப்பது. உப்பு, சோடா உப்பு எவ்வளவு கலக்கலாம் என்று டே கேர் நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்துகள் ஏறும்போது அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருப்பது புண்ணைத் தடுக்கும். ஆனால் ஆக்ஸாலிப்ளாட்டின் போன்ற மருந்து எடுப்பவர்களுக்குக் குளிர்ச்சியே ஆகாது. கேட்காமல் செய்ய வேண்டாம்.
- நடை: டாக்டர் தடை சொல்லவில்லை என்றால், மொட்டை மாடியிலோ தெருவிலோ முடிந்த அளவு நடக்கட்டும். மூச்சுத் திணறல், தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் நிறுத்திவிட வேண்டும்.
- போன் நம்பர்: டிஸ்சார்ஜ் ஆகும்போதே, "ராத்திரி ஏதாவது ஆச்சுன்னா யாருக்கு போன் பண்றது சிஸ்டர்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த நம்பருக்கு போன் செய்யத் தயங்கவே வேண்டாம். 'இதுக்கெல்லாம் போய் தொந்தரவு பண்ணலாமா?' என்று வீட்டில் விட்டுவிடும் விஷயங்களைத்தான் இத்தனை ஆண்டுகளாக நர்ஸ்கள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.